அய்யாதுரை அண்ணாச்சியின் நீளக் கண்

பட்டுப் புடவையை மூக்கால் பார்க்கிறவர் என்று தி.நகர் ஜவுளிக்காரர்கள் அய்யாதுரை அண்ணாச்சியைக் கேலி செய்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. புடவையை எடுத்து, முந்தானையை விரித்து, கரையை மூக்கு நுனிவரை கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் "இது காஞ்சிபுரம், இது ஆரணி" என்பார். கண்ணாடி சோடாபுட்டி. அதன் பின்னால் இருந்த இரண்டு கண்களில் இடது கண் வேலை செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டு இருபது வருஷம் சேலை விற்றிருக்கிறார் மனிதர்.

மேற்கு மாம்பலத்தில் அவருக்கு அடுத்த போர்ஷனில்தான் நான் குடியிருந்தேன். குழாயடியில் தினமும் பார்க்கிற ஆள். யாராவது கண்ணைப் பற்றிக் கேட்டால் கைவசம் ஒரு பதில் தயாராக இருக்கும்.

"அது ஒண்ணுமில்ல சார். முப்பது வயசுல விஷக் காய்ச்சல் வந்துது. அதுல அடிச்சிட்டுப் போயிட்டு. அதுக்கு முன்னால எனக்குக் கழுகுப் பார்வை."

கழுகாவது, குருவியாவது! நாங்குநேரிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியாமல் வாத்தியாரிடம் பிரம்படி வாங்கியவர் அவர். "குருட்டுக் கொக்கு" என்பதுதான் பத்து வயதில் அவருக்குப் பெயர். அவருடைய அப்பாவுக்கும் அதே கண். இதெல்லாம் பின்னால் அவருடைய மனைவி இசக்கியம்மாள் என் மனைவியிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இடது கண் போனதும் காய்ச்சலால் இல்லை. ஒரு நாள் கடையில் மூட்டை தூக்கும்போது கறுப்புத் திரை இறங்கினதுபோல ஓரத்தில் இருட்டியிருக்கிறது. வெளியே சொன்னால் "குருடனை வைத்தா வியாபாரம் பண்ணுகிறாய்" என்று முதலாளியை யாராவது கேட்டுவிடுவார்களோ என்று வெட்கப்பட்டு, மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லை. திறந்தபோது கண் போய்விட்டிருந்தது. இந்த மாதிரி வெட்கத்தை என்னவென்று சொல்வது? எனக்குக் கோபம்தான் வருகிறது.

அவருக்கு ஒரே மகள், தங்கம். நாலாம் வகுப்பிலேயே அவளுக்கும் கண்ணாடி வந்துவிட்டது. அன்றைக்கு வீட்டில் எழவு விழுந்த மாதிரி இருந்ததாம்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். அண்ணாச்சி ஒரே ஒரு பொய்தான் சொன்னார், ஆனால் அது ஆயிரத்துக்குச் சமம். வடபழனியில் பாத்திரக் கடை வைத்திருந்த ராஜரத்தினம் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தங்கத்துக்கு ஒத்திகை. கண்ணாடி இல்லாமல் சமையலறையிலிருந்து கூடத்துக்குத் தட்டோடு வரவேண்டும். "முதல் நாற்காலியில மாப்பிள்ளையோட அம்மா, அடுத்தாப்புல மாப்பிள்ளை, பாய்ல பெரியவங்க" என்று இசக்கியம்மாள் காலி நாற்காலிகளைப் போட்டுப் பழக்கினாள். தங்கம் காலடியை எண்ணிக்கொண்டே வந்து கேசரி கொடுத்தாள். வந்தவர்கள் "பெண் எவ்வளவு அடக்கமா தலை குனிஞ்சே நடக்குது" என்று மெச்சினார்கள். தரை தெரியாதவள் தலை குனியாமல் வேறு என்ன செய்வாள்?

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் கெட்டிக்காரி. "அண்ணாச்சி கண்ணாடி இத்தனை தடியா இருக்கே, பரம்பரையா?" என்று கேட்டுவிட்டாள்.

"சேச்சே! விஷக் காய்ச்சல்லா!" என்றார் அண்ணாச்சி.

கல்யாணம் நடந்தது. மறுவீட்டுக்கு வந்த மகளைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்ள கடைக்குப் போன பொறவு போட்டுக்கோ. மாமியா தூங்கும்போது போட்டுக்கோ. மத்த நேரம் வேண்டாம் தாயி" என்று சொல்லி அனுப்பினார். ஆனால் வடபழனி வீட்டில் மாமியார் பகலில் தூங்குகிறவள் இல்லை. கண்ணாடி ஒரு கைக்குட்டையில் சுருண்டு தங்கத்தின் மஞ்சள் பைக்குள் அடியில் கிடந்தது. முருகன் கோயில் வாசலில் சின்ன மாமியார் எதிரே வந்தும் சிரிக்காமல் போய்விட்டாள் என்று ஒரு புகார். கடைத்தெருவில் நாத்தனாரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனாள் என்று இன்னொரு புகார். திமிர் பிடித்தவள் என்று பெயராகிவிட்டது. அவள் இதை அழுதுகொண்டே சொன்னபோது, திமிர்க்காரி என்று பெயர் எடுத்தாலும் பரவாயில்லை, கண்ணாடிக்காரி என்று எடுக்கக் கூடாது என்றார் அப்பா. இப்படி மூன்று வருஷம்.

எழுபத்தெட்டாம் வருஷம் அண்ணாச்சியின் வலது கண்ணில் புரை விழுந்தது. உலகம் முழுக்க மங்கல் மஞ்சளாகிவிட்டது. நீலம் கறுப்பாகத் தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் "எனக்கு நிறம் பிடிபடவில்லை" என்று சொல்லியிருப்பார்கள். அண்ணாச்சியா சொல்வார்? அடுக்கில் எது எங்கே இருக்கிறது என்பதை மனப்பாடம் செய்துகொண்டு வியாபாரம் பார்த்தார். ஒரு நாள் புது சரக்கு வந்து அடுக்கு மாறிப்போனது.

மயிலாப்பூரிலிருந்து விசாலாக்ஷி என்ற அம்மாள் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டுப் புடவை எடுத்தாள். அண்ணாச்சி அடுக்கிலிருந்து அதே ரகத்தில் பிரிக்காத புடவை ஒன்றைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். மறுநாள் காலையில் அதே பெட்டியோடு கடைக்கு வந்து, நடுக்கூடத்தில் நின்று அதை உதறினாள். உள்ளே இருந்தது மசக்கைக் கறுப்பு. அவர்கள் வீடுகளில் பெண் உண்டானால் வளைகாப்புக்குக் கட்டுகிற கறுப்புப் புடவை.

"சம்பந்தி எல்லாரும் உக்காந்துண்டிருக்கா. தட்டுல வச்சு எல்லார் முன்னாடியும் பிரிக்கறேன், மசக்கைக் கறுப்பு! நிச்சயதார்த்தப் பொண்ணுக்கு! அவா எழுந்துண்டு போகாதது பகவான் புண்ணியம். ஏன்யா, உமக்குக் கண்ணு தெரியறதா இல்லையா?"

கடை முழுவதும் வேடிக்கை பார்த்தது. யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்ததாம். முதலாளி நல்ல மனிதர், அவர் ஊர்க்காரர். திட்டவில்லை. "அண்ணாச்சி, கண்ணக் காட்டிட்டு வாரும். சரியான பொறவு கடைக்கு வந்தாப் போதும்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடையாறு பக்கம் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் ஜலஜா என்ற பெண்மணி, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். கண்ணின் நீளத்தை அளக்கிற ஒரு புது மெஷின் அங்கே வந்திருந்தது. தனியாகப் போய் வந்துவிடலாம் என்று அண்ணாச்சி நினைத்திருந்தார். ஆனால் மாமனாருக்கு ஆபரேஷன் என்றால் மாப்பிள்ளை சும்மா இருப்பாரா? ராஜரத்தினம் கடையைப் பூட்டிவிட்டு, டாக்ஸி வைத்துக்கொண்டு, மனைவியையும் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். நல்ல பிள்ளைதான். அந்த நல்லதனம்தான் அன்றைக்கு அண்ணாச்சிக்கு எமனாக வந்தது.

டாக்டர் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். "இவ்வளவு பவரா? சின்ன வயசுலேருந்தே போடறீங்களா?"

பக்கத்தில் மாப்பிள்ளை நிற்கிறார். "இல்லம்மா. முப்பது வயசுல விஷக் காய்ச்சல் வந்துது. அதுக்கு முன்னால கழுகுப் பார்வை" என்றார் அண்ணாச்சி.

"இடது கண்?"

"அதுவும் காய்ச்சல்தாம்மா."

"குடும்பத்துல வேற யாருக்காவது தடிக் கண்ணாடி உண்டா? அப்பா, பிள்ளைங்க?"

"யாருக்கும் இல்ல."

தங்கம் சுவரோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார். புரை முற்றிப் பழுப்பேறிக் கிடந்தது. உள்ளே பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. "சில பேருக்குப் புரையினாலேயே கிட்டப்பார்வை ஏறும். உங்க கண்ணு எந்த ரகம்னு மெஷின்ல பார்த்துடலாம்" என்றார்.

கண்ணில் மரத்துப்போகிற மருந்தை விட்டு, பேனா மாதிரி ஒரு கருவியைக் கண்மேல் தொட்டார்கள். அதன் முனையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. அதையே நேராகப் பார்க்கவேண்டும். பார்த்தால், பக்கத்துத் திரையில் ஒரு பச்சைக் கோடு கொம்பு கொம்பாக எழும்பும். முதல் கொம்புக்கும் கடைசிக் கொம்புக்கும் உள்ள தூரம்தான் கண்ணின் நீளம்.

"சிவப்பு லைட் தெரியுதா?"

"நல்லாத் தெரியுதும்மா."

தெரியவில்லை. எங்கும் சிவப்பாக ஒரு மூட்டம், அவ்வளவுதான். நடு எது, ஓரம் எது என்று அவருக்குப் புரியவில்லை. கரும்பலகைக் காலத்திலிருந்து இதே பதில்தான். தெரியுதா என்றால் தெரியுது. கண் எங்கேயோ பார்த்தது. திரையில் இருபத்தாறு மில்லிமீட்டர் என்று வந்தது. மறுபடி அளந்தார்கள், இருபத்தொன்பது. மறுபடியும் அளந்தால் முப்பத்தொன்று.

"நேரா லைட்டைத்தான் பார்க்கறீங்களா?"

"அதத்தான் பாக்கேன்."

டாக்டர் கருவியை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். கோபப்படவில்லை. எனக்குத் தெரிந்து டாக்டர்கள் இப்படி உட்கார்ந்து பேசுவது அபூர்வம்.

"பெரியவரே, எல்லாருக்கும் கண்ணு எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டையா, இருபத்துமூணு, இருபத்துநாலுல இருக்கும். சில பேருக்குச் சின்ன வயசுலேருந்தே முட்டை மாதிரி பின்னால நீண்டுக்கிட்டே போகும். அதுலயும் பின்சுவர் ஒரு இடத்துல பிதுங்கி இருக்கும். அப்படி இருந்தா, நீங்க பார்க்கிற பக்கத்தைப் பொறுத்து அளவு மாறும். காய்ச்சல் வந்து கண்ணு நீளாது. நீங்க சொன்னது நிஜம்னா, நான் சின்ன அளவை எடுத்துக்கிட்டு, எல்லாருக்கும் போடற மாதிரி கண்ணுக்குப் பின்னால ஊசி போட்டு மரத்துப்போக வைப்பேன். நீளக் கண்ணா இருந்தா அந்த ஊசி கண்ணையே குத்திடும். உங்களுக்கு இருக்கிறது ஒரு கண்ணு. இப்பச் சொல்லுங்க, சின்ன வயசுலேருந்தே கண்ணாடியா?"

எதிரே டாக்டர், பக்கத்தில் மாப்பிள்ளை. உண்மையைச் சொன்னால் மூன்று வருஷப் பொய் உடையும். மகள் வீட்டில் அவளை என்ன செய்வார்களோ! சொல்லாவிட்டால் கண் போகும். போனால் என்ன, ஏற்கெனவே பாதி போனதுதானே என்று அந்த நிமிஷம் நினைத்ததாக அவரே பின்னால் சொன்னார். கண் போகட்டும், மானம் போகக் கூடாது. இதைக் கேட்டபோது எனக்கு அவரை நாலு அறை அறையவேண்டும் போல இருந்தது.

"காய்ச்சல்தாம்மா" என்றார்.

டாக்டர் பெருமூச்சு விட்டு, எழுதுவதற்குப் பேனாவை எடுத்தார்.

அப்போது தங்கம் சுவரை விட்டு வந்தாள். மஞ்சள் பையைத் திறந்து, அடியில் கைவிட்டு, கைக்குட்டையை எடுத்துப் பிரித்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடத்து நாளில் வாங்கிய பழைய பிரேம், ஒரு காது கம்பியில் நூல் சுற்றியிருந்தது. முதலில் டாக்டரைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"நாலாங்கிளாஸ்ல இருந்து போடுதேன், டாக்டர். அப்பாவுக்கும் சின்ன வயசுல இருந்தே உண்டு. தாத்தாவுக்கும் உண்டு. காய்ச்சல்னு ஒண்ணும் வரல. இடது கண்ணுல கறுப்புத் திரை மாதிரி வந்துதுன்னு அம்மா சொன்னாவ. எங்க அப்பா கண்ணக் காப்பாத்துங்க."

அண்ணாச்சி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். "ஏட்டி, என்ன காரியம் செஞ்ச!" என்றார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை, பார்த்தாலும் தெரிந்திருக்காது.

ராஜரத்தினம் தங்கத்தின் பக்கம் திரும்பினார். மூன்று வருஷம் கூட வாழ்ந்த பெண்டாட்டியின் முகத்தை அன்றைக்குத்தான் கண்ணாடியோடு பார்க்கிறார். மாமனாரை விட்டுவிட்டு அவளிடம்தான் பேசினார்.

"அப்ப கோயில் வாசல்ல சித்திய நீ பாக்கவே இல்ல?"

"யாரோ வாராவன்னு தெரிஞ்சுது. யாருன்னு தெரியல."

"நான் எதிர வந்தாலும்?"

"செருப்புச் சத்தத்துல கண்டுபிடிப்பேன்."

ராஜரத்தினம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எங்கம்மா சொன்னதக் கேட்டு உன்னத் திமிர் புடிச்சவன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்" என்றார். பிறகு மாமனாரிடம், "மாமா, முகத்த மூடாதீங்க. டாக்டரம்மா காத்துக்கிட்டு இருக்காவ. லைட் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க" என்றார். திட்டிவிட்டுப் போயிருந்தால் அண்ணாச்சிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த மனிதருக்கு மற்றவர்கள் காட்டுகிற நல்லதனம்தான் எப்போதும் பெரிய தண்டனையாக வாய்த்தது.

மறுபடி கருவியைக் கண்ணில் வைத்தார்கள்.

"லைட் தெரியுதா?"

"தெரியலம்மா. எல்லாம் செவப்பாக் கெடக்கு. நடு எதுன்னு தெரியல."

ஐம்பத்துமூன்று வயதில் அவர் வாயிலிருந்து முதல் முறையாக வந்த "தெரியல" அது. டாக்டர் அவருடைய தலையை மெல்லத் திருப்பித் திருப்பி, "இப்ப கூடுதல் செவப்பா? இப்ப?" என்று கேட்டுக் கேட்டு நடுவைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு எத்தனை தடவை அளந்தாலும் திரை முப்பத்தொன்றையே காட்டியது.

ஊசியை விட்டுவிட்டு, முழு மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்தார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை, கண்ணில் கட்டு. அசையக் கூடாது, இருமக் கூடாது. தங்கம்தான் கூட இருந்து கஞ்சி ஊட்டினாள். கண்ணாடியோடுதான் இருந்தாள். சம்பந்தியம்மாள் ஒரு நாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து பார்த்துவிட்டு, "பரம்பரையான்னு அன்னைக்கே கேட்டேனே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாளாம். கட்டுக்குள் அண்ணாச்சி எப்படிக் கூனிக் குறுகியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்கே பாவமாக இருந்தது.

கட்டுப் பிரித்த அன்று நானும் போயிருந்தேன். புரை எடுத்தவர்கள் எல்லாரும் பூதக்கண்ணாடி மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் நடப்பார்கள், அண்ணாச்சிக்கு இன்னும் தடியாகக் கொடுப்பார்கள் என்றே நான் நினைத்திருந்தேன். ஆனால் டாக்டர் சிரித்துக்கொண்டே, "கண்ணு நீளமா இருந்ததுல ஒரே ஒரு லாபம். உள்ள இருந்த லென்ஸை எடுத்ததும் கணக்கு ஏறக்குறைய நேராயிடுச்சு. இனிமே நடமாட்டத்துக்குக் கண்ணாடியே வேண்டாம். படிக்க மட்டும் ஒண்ணு தரேன்" என்றார்.

அண்ணாச்சி ஜன்னலைப் பார்த்தார். வெளியே வேப்பமரம். "இலை இலையாத் தெரியுது" என்றார். பிறகு "அந்த நீலச் சேலை நர்சம்மா யாரு?" என்றார். நீலம் அவருக்கு நீலமாகவே தெரிந்தது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். வெறும் முகத்தோடு அவரைப் பார்க்க யாரோ வேறு ஆள் மாதிரி இருந்தது. இசக்கியம்மாள் முருகா முருகா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தங்கம் டம்ளரில் காபி ஆற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் டம்ளரை வாங்கவில்லை. நீட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முழங்கைக்குக் கீழே மணிக்கட்டு வரைக்கும் தழும்பு. சில பழுப்பாக, சில வெளுத்து, குறுக்குக் குறுக்காக. ஒன்று இன்னும் சரியாக ஆறாமல் சிவந்திருந்தது.

"இது என்னது?"

"அடுப்புல சுட்டதுப்பா."

"இத்தனையா?"

"தோசைக்கல் ஓரம் தெரியாது. சட்டி விளிம்பு தெரியாது. குனிஞ்சு பாக்கையில படும்." அவள் மெதுவாகச் சொன்னாள். "இப்பல்லாம் கண்ணாடி போட்டுத்தான சமைக்கேன். இனி படாது."

மூன்று வருஷமாக அவள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தாள். இதே கையால் அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள். அவர் பார்த்ததில்லை.

தங்கம் முந்தானையை இழுத்துக் கையை மூடப் போனாள்.

"மூடாத தாயி" என்றார் அண்ணாச்சி.

டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மகளின் கையைப் பிடித்து, பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனார். மங்கிவிட்டது. இந்தப் புதுக் கண்ணுக்கு எட்டப் பிடித்தால்தான் தெரியும். கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தழும்பாகப் பார்க்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் விடக் கூடாது, தையல் இருக்கிறது என்று டாக்டர் பதறினார். அவர் காதில் அது விழவில்லை. காபி ஆறி ஆடை படிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.